தேய்ந்த எடைக்கல்

ஜனவரி 9

அன்புள்ள குண்டூசிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன வாரம் போனில் போட்ட சண்டைக்குப் பிறகு, "இனிமே லெட்டர்லதான் பேசுவேன்" என்று சொல்லி வைத்துவிட்டாய். நல்ல யோசனைதான். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. விவரம் தெரிந்த நாளிலிருந்து எனக்குக் கிடைக்காத வசதி இது.

நீ கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். மருந்து தவறுவதில்லை. காலையில் இரண்டு சைக்ளோஸ்போரின் கேப்சூல், மாலையில் இரண்டு. உறையைக் கிழித்தாலே ஒரு வாடை, உன் அண்ணி மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். காதிலும் கையிலும் முடி அடர்ந்து கரடி மாதிரி இருக்கிறேன். ஆனால் நடக்கிற கரடி. என் உடம்பே என் தசையை எதிரி என்று நினைத்துக் கடித்துக்கொண்டிருந்த காலத்தில், கழிப்பறையிலிருந்து எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது, நினைவிருக்கிறதா? நேற்றுச் சந்தைச் சோதனையில் இருபது கிலோ எடைக்கல்லை இரண்டு கையாலும் தூக்கி, மேடைத் தராசில் நானே வைத்தேன். கடைக்காரர்கள் கைதட்டாத குறை.

"கிட்னி என்ன ஆச்சு, கிரியாட்டினின் எவ்வளவு?" என்று கத்தினாயே. 0.9. போன வருஷமும் 0.9. அதற்கு முந்தின வருஷமும் அதேதான். ஊரார் தராசுகளைச் சோதித்து முப்பது வருஷமாக முத்திரை குத்துகிறவன் நான். ஓர் எண் சரியா தப்பா என்று எனக்குத் தெரியாதா?

அப்படியே போனாலும் என்ன, எனக்கு இரண்டு, உனக்கு இரண்டு. ஸ்டெப்னி மாதிரி நீ இருக்கிறாய்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்

*

ஜனவரி 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலமே விழைகிறேன். அண்ணியின் மூக்கு நலமா?

விடுதியில் இந்த மாதம் எல்லா அறைகளும் நிரம்பிவிட்டன. ஒரு நாளைக்கு அறுநூறு படுக்கை விரிப்பு. சலவைக்கூடத்தில் நீராவி கண்ணை மறைக்கிறது, இஸ்திரி ரோலர் ஒன்று படுத்துவிட்டது. மேற்பார்வை என்று பெயர்தான், நானும் நின்று மடிக்கிறேன். சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த தடம் அப்படியே நிற்கிறது. நாள் முழுக்க நின்றால் யாருக்கும் அப்படித்தான்.

இருபது கிலோ தூக்கினீர்கள் என்று படித்து எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. யாரிடம் காட்டுவதற்கு? பழைய டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார் என்று அண்ணி சொன்னார். புது டாக்டரிடம் பழைய ரிப்போர்ட்டை எல்லாம் எடுத்துப் போங்கள். போகவில்லை என்றால் கடிதத்திலும் குறுக்கே பேச எனக்குத் தெரியும்.

ரத்த அழுத்தம் எவ்வளவு என்று எழுதவே இல்லை. எழுதவும்.

குண்டூசி

*

பிப்ரவரி 21

அன்புள்ள குண்டூசிக்கு,

நலம் என்று எழுத இந்தத் தடவை கை கூசுகிறது. நீ நலமா?

புது டாக்டரைப் பார்த்தேன். சின்னப் பெண், நமக்கு மகள் இருந்தால் அந்த வயது இருக்கும். மூன்று வருஷ ரிப்போர்ட்டை மேசையில் பரப்பிப் பெருமையோடு உட்கார்ந்திருந்தேன். அவர் தாளை ஒரு தடவை புரட்டிவிட்டு, என் தொடையைப் பார்த்தார். அழுத்திப் பார்த்தார். "ஐயா, இந்த கிரியாட்டினின் எங்கேர்ந்து வருது தெரியுமா? தசையிலேர்ந்து. உங்ககிட்ட பாதித் தசைதான் இருக்கு. அப்போ இந்த எண்ணும் பாதியாத்தானே இருக்கணும்? அது ஏன் இன்னும் 0.9லயே நிக்குது? கிட்னி அதைச் சரியா வெளியேத்தலைன்னுதானே அர்த்தம்?" என்றார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது, அதுதான் கொடுமை. தராசு பொய் சொல்லாது. எடைக்கல் தேய்ந்திருந்தால் தராசு என்ன செய்யும்? முள் நடுவில் நேராக நிற்கும், வாங்குகிறவனுக்குக் குறைவாகப் போகும். இப்படி எத்தனை பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன்! என் தசை தேய்ந்துகொண்டே போக, அதைக் கல்லாக வைத்து என் சிறுநீரகத்தை நானே நிறுத்து, சரி என்று முத்திரையும் குத்திக்கொண்டேன்.

தசையை நம்பாத வேறு ஒரு ரத்தப் பரிசோதனை செய்தார். சிறுநீரகம் நாற்பத்துமூன்று சதவீதம்தான் வேலை செய்கிறதாம். ரத்த அழுத்தம் நூற்று அறுபது. எல்லாம் கேப்சூலின் வேலை. அதை நிறுத்திவிட்டு மைக்கோஃபீனோலேட் என்று வேறொன்றுக்கு மாறச் சொல்கிறார். சிறுநீரகத்தைத் தொடாதாம். ஆனால் வேலை செய்யத் தொடங்க இரண்டு மூன்று மாதம் ஆகும், நடுவில் தசை மறுபடி வீக்கம் கண்டு பலவீனம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்.

மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். படுக்கையில் கிடந்தது அவர் இல்லை, நான். என்னை எழுப்பி நிறுத்தியது அந்த நாற்றம் பிடித்த கேப்சூல்தான். அது கிட்னியைத் தின்றால் தின்னட்டும். தீரும்வரை ஓட்டுவேன். தீர்ந்த பிறகு உன்னுடையது ஒன்று. ஜனவரியில் விளையாட்டாக எழுதினேன், இப்போது விளையாட்டில்லை. கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று டாக்டரே பேச்சுவாக்கில் கேட்டார். உண்டு என்றேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அண்ணன்

*

மார்ச் 3

அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்கு இரண்டு வாரம் கொடுங்கள். அதுவரை உப்பைக் குறையுங்கள்.

குண்டூசி

*

மார்ச் 29

தங்கைக்கு,

இரண்டு வாரம் கேட்டாய். நாலு வாரம் ஆகிறது.

தினமும் வேலை விட்டு வந்ததும் தபால் பெட்டியைத்தான் முதலில் திறக்கிறேன். உன் அண்ணி என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டை எடுத்து வைக்கிறாள். உனக்கு விருப்பமில்லை என்றால் இல்லை என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். உடம்பைக் கிழித்துக் கொடு என்று கேட்பது பெரிய கேள்விதான், எனக்குத் தெரியும். ஆனால் பேசாமல் இருப்பது இருக்கிறதே, அது இல்லை என்பதைவிட மோசம்.

தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். எனக்குத்தான் வியாதி, தசை ஆடவில்லை. உனக்குமா?

அண்ணன்

*

ஏப்ரல் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

அந்தக் கடைசி வரியை நான்கு தடவை படித்தேன். படித்துவிட்டு ரோலர் பக்கத்தில் நின்று நன்றாக அழுதேன். அங்கே எல்லார் முகமும் ஈரமாகத்தான் இருக்கும், யாரும் கவனிக்கவில்லை.

உங்கள் பிப்ரவரிக் கடிதம் வந்த மறுநாளே அரை நாள் லீவு போட்டுப் போய் ரத்தம் கொடுத்தேன். அண்ணனுக்குக் கொடுக்க வேண்டும், என்னென்ன பார்க்க வேண்டுமோ பாருங்கள் என்றேன். ஒரு பரிசோதனை இன்னொன்றில் போய் முடிந்தது, அதனால்தான் நாள் ஆனது.

எனக்குப் பதினோரு வருஷமாகச் சர்க்கரை. உங்களிடம் சொன்னதில்லை. முதலில் எதற்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். பிறகு நீங்கள் படுக்கையில் விழுந்தீர்கள், அப்போது போய் எனக்கும் வியாதி என்று எப்படிச் சொல்வது? சிறுநீரில் புரதம் நிறையப் போகிறதாம். கால் வீக்கம் நின்று நின்று வந்ததில்லையாம். பார்த்த டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "அம்மா, நீங்க குடுக்கறவங்க லிஸ்ட்லயே இல்ல. கொஞ்சம் அசந்தீங்கன்னா வாங்கறவங்க லிஸ்ட்ல வந்துடுவீங்க."

இதுதான் அண்ணா விஷயம். விருப்பமில்லாமல் இல்லை. கடை விரித்துப் பார்த்தேன், சரக்கு இல்லை. இதை எழுத வெட்கமாக இருந்தது. உங்களுக்கு என்னைத் தவிர யாரும் இல்லை என்று தெரியும், அண்ணிக்கு ரத்த வகை வேறு. அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், மருந்தை மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கஷ்டப்பட்டாலும் பரவாயில்லை. உங்களுக்குப் பின்னால் நான் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். பின்னால் யாரும் இல்லை.

உங்கள் குண்டூசி

*

ஏப்ரல் 16

என் அன்புத் தங்கைக்கு,

தசையைப் பற்றி எழுதிய கையை வெட்டிப் போட வேண்டும். மன்னித்துவிடு. பதினோரு வருஷம்! என் கால் வீங்கியிருந்தால் நீ ஊரைக் கூட்டியிருப்பாய். நீ செருப்புத் தடத்தைப் பற்றி எழுதியபோது நான் அதைச் சலவைக்கூடத்துக் கதை என்று படித்துவிட்டுப் போயிருக்கிறேன்.

இன்று காலை மருந்தை மாற்றியாயிற்று. உன் பேச்சைக் கேட்டு என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். "உங்க தங்கச்சிக்கு ஒரு கும்பிடு" என்றார். புது மாத்திரைக்கு வாடை இல்லை, வயிற்றைத்தான் கொஞ்சம் கலக்குகிறது.

உன் சர்க்கரை எவ்வளவு என்று எழுது. வேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்

*

ஜூன் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? மருந்தை மாற்றியதாக எழுதியதோடு சரி, ஏழு வாரமாக ஒரு வரி இல்லை. பழிக்குப் பழியா?

எப்படி இருக்கிறீர்கள், படி ஏற முடிகிறதா, பரிசோதனையில் என்ன வந்தது? கடிதம் எழுத அலுப்பாக இருந்தால் போன் செய்கிறேன். சண்டை போட மாட்டேன், சத்தியம். நேற்று இரண்டு தடவை அடித்தேன், யாரும் எடுக்கவில்லை.

என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. விரிப்பு, தலையணை உறை, துண்டு. அதேதான்.

குண்டூசி

*

ஜூன் 30

அன்புள்ள குண்டூசிக்கு,

நலம். அண்ணியும் நலம். போனில் ஏதோ கோளாறு, பேசினால் கேட்பதில்லை. கடிதமே வசதி.

சிறுநீரகம் நாற்பத்தேழு. நாலு சதவீதம் ஏறியிருக்கிறது. ரத்த அழுத்தமும் இறங்கிவிட்டது. நீ சொன்னது சரிதான். படி ஏறுகிறேன், சந்தைக்குப் போகிறேன், வழக்கம்போல் இருபது கிலோ.

வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

அண்ணன்

*

ஜூலை 13

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். உன் அண்ணனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன், அதனால் நீட்டி முழக்க நேரமில்லை.

அவர் மே மாதத்திலிருந்து வேலைக்குப் போகவில்லை. மருந்து மாற்றிய ஐந்தாவது வாரமே தொடை விட்டுப்போனது. நாற்காலியிலிருந்து நான்தான் தூக்குகிறேன். சட்டைக்குள் கையை நான்தான் நுழைக்கிறேன். தண்ணீர் குடித்தால் புரையேறி மூக்கு வழியாக வருகிறது, ஆஸ்பத்திரியில் கொடுத்த மாவைக் கலந்து கெட்டியாக்கிக் கரண்டியில் கொடுக்கிறேன். போன் நன்றாகத்தான் இருக்கிறது. குரல்தான் கெட்டுப்போனது, மூக்கில் பேசுகிறார். நீ கேட்டால் கண்டுபிடித்துவிடுவாய் என்று மணி அடித்தால் எடுக்க விடுவதில்லை. உனக்குக் கடைசியாக எழுதிய கடிதத்தை எழுத இரண்டு நாள் ஆனது, முழங்கையை மேசையில் தூக்கி வைப்பதும் நான்தான்.

ஏன் மறைக்கிறீர்கள் என்று கேட்டேன். "அவ சொல்லித்தானே மாத்தினேன். தெரிஞ்சா அவ தாங்க மாட்டா" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உன்மேல் கோபம்தான் வந்தது. நடந்துகொண்டிருந்த மனுஷனைக் கடிதம் எழுதிப் படுக்க வைத்துவிட்டாயே என்று. உனக்கே உடம்பு சரியில்லை என்று தெரிந்த பிறகு கோபப்படவும் தெம்பில்லை. முதுகு வலிக்கிறது, அவ்வளவுதான். டாக்டர் அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார். பழைய மருந்தையே கொஞ்சமாகத் திரும்பத் தரலாமா, பொறுத்துப் பார்க்கலாமா என்று உன் அண்ணனையே முடிவு செய்யச் சொன்னார். அதை இவர் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார். நீ ஒரு வார்த்தை எழுது.

அண்ணி

*

ஜூலை 20

அண்ணா,

அண்ணி எழுதிவிட்டார். அவரைத் திட்டாதீர்கள்.

நான்தான் மாற்றச் சொன்னேன். மூன்று மாதக் கஷ்டம் பரவாயில்லை என்று எழுதினேன், அதை அனுபவிக்கப் போவது நான் இல்லை என்பதால் அவ்வளவு சுலபமாக எழுத முடிந்தது. இப்போது அதே கையால் எழுதுகிறேன்: பழைய மருந்துக்கே போங்கள். கிட்னி எத்தனை வருஷம் வருகிறதோ வரட்டும். நீங்கள் நடந்த வருஷங்களாகவாவது அவை இருக்கட்டும். எனக்காக முடங்கிக் கிடக்க வேண்டாம். நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

உடனே கிளம்பி வர நினைத்தேன். ஒன்றரை நாள் பயணம், இப்போது முடியவில்லை. லீவு கிடைக்கவில்லை.

குரல் மூக்கில் வந்தால் என்ன? நான் சிரித்தாலும் அது உங்கள் குரல்தானே.

குண்டூசி

*

அக்டோபர் 4

என் அன்புக் குண்டூசிக்கு,

உன் ஜூலைக் கடிதத்துக்கு இப்போதுதான் பதில். இதை யாரும் முழங்கையைத் தூக்கி வைக்காமல் எழுதுகிறேன், அதனால் எழுத்து கோணலாக இருந்தாலும் பெருமையாகப் படி.

பழைய மருந்துக்குப் போகவில்லை. ஸ்டீராய்டும் சேர்த்து, புது மருந்தின் அளவையும் கூட்டி, பொறுத்துப் பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். ஆகஸ்ட் முழுக்க ஒரு மாற்றமும் இல்லை. உன் அண்ணி கரண்டியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தபடி தூங்கிவிடுவாள். அப்போதெல்லாம் உன்னை மனதுக்குள் திட்டியிருக்கிறேன், மறைக்க மாட்டேன். செப்டம்பர் பாதியில் ஒரு நாள் நாற்காலியிலிருந்து நானே எழுந்தேன். இரண்டாவது முயற்சியில். உன் அண்ணி துவைத்த துணியைக் கீழே போட்டுவிட்டு நின்று பார்த்தாள். இப்போது தண்ணீர் தண்ணீராகவே இறங்குகிறது. குரல் இன்னும் பாதி மூக்கில்தான்.

இருபது கிலோ கல்லை இனிமேல் நான் தூக்கப் போவதில்லை. டாக்டரம்மா நேராகவே சொல்லிவிட்டார். அலுவலகத்தில் மேசை வேலை கொடுத்திருக்கிறார்கள், மற்றவர்கள் சோதித்து வந்ததை நான் பதிந்து கையெழுத்துப் போடுகிறேன். முதல் நாள் அங்கே உட்கார்ந்து அழுதேன். சந்தைக்குப் போகிறவனாகவே ஓய்வு பெற வேண்டும் என்று நினைத்திருந்தேன். போகட்டும். சிறுநீரகம் நாற்பத்தொன்பது.

ஜூலையில் ஏன் பொறுத்துப் பார்க்கச் சொன்னேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். எனக்காக என்று நினைக்காதே, அவ்வளவு தைரியம் எனக்குக் கிடையாது. அன்றைக்கு டாக்டரிடம் ஒன்று கேட்டேன். குரல் மூக்கில் போய் அவருக்குப் புரியவில்லை, காகிதத்தில் எழுதிக் காட்டினேன். 'புது மருந்தில் என்னுடையது தேறிவிட்டால், ஒன்றை என் தங்கைக்குக் கொடுக்கலாமா?' என்று.

அவர் சிரிக்கவில்லை. காகிதத்தை மடித்து என் கையிலேயே திருப்பித் தந்தார். "முடியாதுங்க ஐயா. உங்களோடது உங்களுக்கே மட்டுமட்டு. அதையும் இப்பவே காப்பாத்தினாத்தான்" என்றார். சரி, உனக்கு உதவாவிட்டாலும் உனக்குப் பாரமாகாமல் இருக்கட்டும் என்றுதான் பொறுத்தேன்.

ஆக நம் இரண்டு பேரிடமும் சேர்த்து நாலு இருக்கிறது, ஒன்றும் கைமாற்றிக்கொள்ள உதவாது. உன்னுடையதை நானும் என்னுடையதை நீயும் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான் உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துப் படித்தேன், படுத்திருப்பவனுக்கு வேறென்ன வேலை. ஏப்ரலில் உன் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டேன். ஜூனில் விரிப்பு, தலையணை உறை என்று எழுதினாய். ஜூலையில் லீவு இல்லை என்றாய். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ராஜினாமாக் கடிதத்தோடு வந்து நிற்கிறவள் நீ, உனக்கு லீவு கிடைக்கவில்லையா? நேற்று நானே மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன், மூக்காலேயே பேசினேன். ஜூலையில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாயாமே. எனக்கு வந்த அந்தக் கடிதத்தை அங்கே கட்டிலில் உட்கார்ந்துதான் எழுதினாயாம்.

கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை. நானும் அதே வேலையைத்தான் செய்தேன்.

பதில் எழுதும்போது நலம், நலமே என்று தொடங்காதே. முதல் வரியில் உன் ரிப்போர்ட்டை எழுது, கூட்டாமல் குறைக்காமல். மிச்சத்தைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

உன் அண்ணன்